உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சையின் அப்பா யார்?

பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை, மேலும் கீழுமாக ஆயிரம் பேருக்கு மேல் பந்தி நடந்த கூடம். இன்றைக்கு அங்கே ஒரு பருக்கை கிடையாது. சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் பெரிய பரணிகள் மட்டும் அரண்மனையில் மிச்சம். பரணி என்றாலே எங்கள் கல்குளம் தாலுகாக்காரர்களுக்கு ஊறுகாய் ஞாபகம் வந்துவிடும். ஊறுகாய் என்றால் நாரங்காய். வெறும் வயிற்றோடு வெளியே வந்து ஒரு நாரங்கா வெள்ளம் (எலுமிச்சை ஜூஸ்தான்) குடித்தபடி யோசித்தவைதான் இந்த வாரத் துணுக்குகள். (திங்கட்கிழமை போய்விடாதீர்கள், அரண்மனைக்கு விடுமுறை.)

லெமன் ரைஸில் லெமன் இல்லை

நாம் எலுமிச்சை என்பது ஆங்கிலத்தில் லைம். உருண்டை, மெல்லிய தோல், கையில் வைத்து உருட்டினால் சாறு இளகும். லெமன் வேறு பழம். முட்டை வடிவம், தடித்த தோல், நுனியில் ஒரு மூக்கு. சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றுக்கு விலை போட்டு விற்கிறார்களே, அது. ஆக லெமன் ரைஸ், லெமன் ஜூஸ், லெமன் டீ எல்லாமே நம் ஊரில் பெயரளவில்தான் லெமன்.

அப்பா யார்?

எலுமிச்சை காட்டில் தானாகத் தோன்றிய இனம் அல்ல, கலப்பில் பிறந்த பிள்ளை. மரபணுவைப் பிரித்துப் பார்த்தவர்கள் தாயையும் தகப்பனையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தாய், பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டு மரமான சிட்ரஸ் மைக்ராந்தா. தகப்பன் சிட்ரஸ் மெடிகா. பழைய நூல்களின் மாதுளங்கம் இதுதான்; நம் கடாரங்காயும் இந்தக் கூட்டத்தோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது. தோல் தடிமன், சாறு கொஞ்சம், மணம் ஊரைத் தூக்கும்.

இந்தத் தகப்பன் லேசுப்பட்டவர் இல்லை. லெமனுக்கும் இவரே அப்பா. அங்கே தாய், புளிப்பு ஆரஞ்சு. அந்தப் புளிப்பு ஆரஞ்சோ பம்பளிமாஸும் மாண்டரினும் கூடிப் பிறந்தது. நாம் உரித்துத் தின்னும் ஆரஞ்சிலும் சாத்துக்குடியிலும் ஓடுவது அதே பம்பளிமாஸ், மாண்டரின் ரத்தம்தான், கொஞ்சம் சிக்கலான வரிசையில். கிரேப்ஃபுரூட்? பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்தது, அதுவும் 18-ஆம் நூற்றாண்டில், மேற்கிந்தியத் தீவான பார்படோஸில். கல்யாண வீட்டில் ஒரு கிழவி உட்கார்ந்து "இவன் அவளுக்கு என்ன முறை" என்று அவிழ்ப்பாளே, அந்த வேலைதான் இது. கடைசியில் மாதுளங்கம், பம்பளிமாஸ், மாண்டரின், மைக்ராந்தா என்ற நான்கு பேரிடம் கடைகளில் பார்க்கும் வகைகள் பெரும்பாலும் வந்து நிற்கும்.

தாய்வீடு

சிட்ரஸ் இனத்தின் பிறப்பிடம், இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம். அசாமின் கிழக்குப் பகுதி, மியான்மரின் வடபகுதி, சீனாவின் யுன்னான் சேரும் இடம். 60 வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொல்வது இது. அங்கிருந்து இந்த இனங்கள் கிளைபிரிந்து பரவத் தொடங்கி ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

பேய் ஆரஞ்சு

மேகாலயாவின் காரோ மலையில் இன்றும் காட்டு ஆரஞ்சு நிற்கிறது. தாவரவியல் பெயர் சிட்ரஸ் இண்டிகா. காரோ மக்கள் அதை 'மேமங் நாரங்' என்கிறார்கள். 'ஆவிகளின் ஆரஞ்சு' என்று பொருள். சாவுச் சடங்கில் அதற்கு இடம் உண்டு. இந்த மரத்தைக் காக்கவே நோக்ரெக் மலைப்பகுதியில் தேசிய சிட்ரஸ் மரபணுச் சரணாலயம் அமைத்தார்கள். புலிக்கும் யானைக்கும் மட்டும்தான் சரணாலயம் என்று நினைத்திருந்தேன்.

16-ஆ, 162-ஆ?

சிட்ரஸில் மொத்தம் எத்தனை இனம்? அமெரிக்கரான ஸ்விங்கிள் 16 என்றார். ஜப்பானியரான தனாகா 162 என்றார். இருவரும் வாழ்நாள் முழுக்க இதையே பார்த்தவர்கள். ஒருவர் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளை எல்லாம் ஒரே குடும்ப அட்டையில் சேர்த்துவிட்டார். மற்றவர் தனிக்குடித்தனம் போன ஒவ்வொருவருக்கும் தனி அட்டை கொடுத்தார். நாரத்தைக்குத் தாவரப்பெயர் நூலுக்கு நூல் மாறுவது இந்த ஊர்ச்சண்டையின் மிச்சம்தான்.

உலகம் சுற்றிய நாரங்கா

மதுரையில் முதன்முதலாக வேலைக்குப் போன நாளில் கடைக்காரரிடம் "நாரங்கா இருக்கா?" என்று கேட்டேன். அவர் நாரத்தங்காய் எடுத்து நீட்டினார். எங்கள் ஊரில் நாரங்கா என்றால் எலுமிச்சை. மலையாளத்தில் செறுநாரங்ஙா எலுமிச்சை, கம்பிளி நாரங்ஙா பம்பளிமாஸ், வடுகப்புளி நாரங்ஙா ஊறுகாய்க்கு. பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனையின் நிர்வாகம் இன்றும் கேரள அரசிடம். நாரங்கா என்ற சொல்லும் அரண்மனை மாதிரிதான், இரண்டு பக்கத்துக்கும் பாத்தியதை உண்டு.

அந்தச் சொல்லின் பயணம் பெரிது. சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நராங்ஹா. இத்தாலி, பிரெஞ்சுப் பக்கம் போகும்போது முன்னால் இருந்த 'ந' உதிர்ந்து, ஆங்கிலத்துக்கு 'ஆரஞ்சு' ஆகி, கடைசியில் நம்மிடமே திரும்பி வந்துவிட்டது. சமஸ்கிருதச் சொல்லே திராவிட வேரிலிருந்து போனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நாரத்தை, நறுமணம், நாற்றம் என்று அடுக்கிப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. நாற்றம் என்றால் அந்தக் காலத்தில் நல்ல வாசனைதான்.

எலி தொடாமல் மிச்சம் வைப்பதால் 'எலி மிச்சம்', அதுவே எலுமிச்சை ஆயிற்று என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. எலிக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்.

யாழ்ப்பாணத்தில்

அங்கே எலுமிச்சை, தேசிக்காய். ஆரஞ்சு, தோடம்பழம். சிங்களத்தில் தெஹி, தொடம். தமிழகத்திலேயே பழைய ஆட்கள் ஆரஞ்சைக் கிச்சிலிப்பழம் என்பார்கள். பம்பாய்க்காரர் சாத்துக்குடியை மோசம்பி என்பார். மொசாம்பிக் நாட்டின் பெயர்தான் அப்படித் தேய்ந்தது.

நம் காட்டில் நிற்பவர்கள்

எலுமிச்சை வந்தேறி. சரி, இந்த மண்ணின் காட்டு மரம் எது? குருந்தம்.

முள் உண்டு, வெள்ளைப் பூ உண்டு, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை உண்டு. காயும் குட்டி எலுமிச்சை போலவே, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளே சுளை வைத்து இருக்கும். தாவரவியலில் அட்டலான்ஷியா மோனோஃபில்லா. காட்டு எலுமிச்சை என்றும் சொல்வார்கள். தமிழகத்து வறண்ட மலையடிவாரப் புதர்க்காடுகளில் இது நிற்கும். இதன் தங்கை அட்டலான்ஷியா வைட்டியை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இலக்கியத்தில் குருந்துக்கு இருக்கும் இடம் எலுமிச்சைக்கு இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் குருந்தும் ஒன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கண்ணன் ஒசிக்கும் மரம் இது. திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றது குருந்த மரத்தடியில். அங்கே தலமரமும் அதுவே. இவ்வளவு பெயர் வாங்கிய மரத்தை நேரில் காட்டினால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? வேலியில் நின்றால் முள் என்று வெட்டிவிட்டுப் போவோம்.

வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாமே இதே குடும்பம். சிவனுக்குப் பூசையும் சாம்பாருக்குத் தாளிப்பும் ஒரே வீட்டிலிருந்து போகின்றன.

இலையைப் பிடித்துப் பாருங்கள்

எலுமிச்சை இலையின் காம்பில் மெல்லிய சிறகு ஒன்று ஒட்டியிருக்கும். அது இலையோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு. லேசாக மடக்கினால் சரியாக அங்கே ஒடியும். பம்பளிமாஸில் சிறகு அகலமாகி, ஒரு இலைமேல் இன்னொரு இலை நிற்பது போல் தெரியும். மாதுளங்கத்தில் சிறகும் இல்லை, மூட்டும் இல்லை. காய் இல்லாத காலத்திலும் மரத்தின் குலம் தெரிந்துகொள்ள இது போதும். நர்சரியில் ஏமாறாமல் இருக்கலாம்.

ஒரு விதை, மூன்று பிள்ளை

எலுமிச்சை விதை ஒன்றை ஊன்றினால் சிலசமயம் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் உருவானவை அல்ல, தாயின் திசுவிலிருந்து அப்படியே பிரதி எடுத்தவை. அதனால்தான் விதைபோட்டு வளர்த்த எலுமிச்சையும் தாய் மாதிரியே காய்க்கிறது. பம்பளிமாஸுக்கும் மாதுளங்கத்துக்கும் இந்த வித்தை கிடையாது. அவற்றில் விதைக்கு விதை குணம் மாறும். பக்கத்து வீட்டுப் பம்பளிமாஸ் இனித்தது என்று விதை வாங்கி நட்டு, பத்து வருடம் கழித்துக் கசப்பைத் தின்றவர்கள் உண்டு. ஒட்டோ பதியமோ போட்டுக்கொள்வதுதான் புத்தி. எலுமிச்சைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 கேட்டு வாங்கலாம்.

எச்சம் அல்ல, பட்டாம்பூச்சி

எலுமிச்சை இலைமேல் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள். அது புழு. பறவை ஏமாறட்டும் என்றுதான் அந்த வேஷம். சில நாளில் தோல் உரித்து இலைப்பச்சைக்கு மாறும். அப்போது ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு போல் இரண்டாகப் பிளந்த செம்மஞ்சள் கொம்பு சடாரென்று வெளியே வரும். கூடவே அழுகிய பழ வாடை. பயந்து குச்சியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், எட்டு வயதில்.

இந்தப் பட்டாம்பூச்சிக்கு எலுமிச்சை கிடைக்காவிட்டால் கறிவேப்பிலையிலும் முட்டை வைக்கும். நமக்குத்தான் இரண்டும் வேறு வேறு. அதற்குக் குடும்பம் தெரியும்.

எறும்பு விற்ற சந்தை

கி.பி. 304-ஐச் சேர்ந்த சீன நூல் ஒன்றில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்ற குறிப்பு வருகிறது. இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. எங்கள் ஊரில் முசிறு. அது இல்லாத மரத்தில் பூச்சி காயைக் கெடுத்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். பூச்சியைப் பூச்சியால் அடக்கும் முறைக்கு மிகப் பழைய எழுத்துச் சான்று இது. முசிறு ஏறிய மரத்தில் காய் பறிப்பது எப்படி என்று அந்தச் சீனர் எழுதினாரா, தெரிந்தால் நல்லது.

உப்பு நாரத்தங்காய்

நாரத்தங்காயைத் துண்டு போடக் கூடாது. அரிவாள்மணையில் சுற்றிச் சுற்றி, ஒரே நாடாவாக வருமாறு, ஆனால் அற்றுப் போகாமல் நறுக்க வேண்டும். விரித்தால் சுருள்வில் மாதிரி தொங்கும். அந்த இடுக்கெல்லாம் கல்லுப்பை அடைத்து மறுபடி உருண்டையாக அமுக்கி, பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார்கள். தினம் ஒருமுறை குலுக்கல். நாலைந்து நாளில் காய் தண்ணீர் விட்டிருக்கும். பிறகு பகலில் ஓலைப்பாயில் வெயில், இரவில் திரும்ப அதே உப்புநீருக்குள். நீர் முழுக்க வற்றிக் காய் கறுத்துச் சுருளும்வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். சரியாகக் காய்ந்தால் வருடக்கணக்கில் கெடாது. காய்ச்சல் விட்ட வாய்க்குக் கஞ்சியோடு இதில் நகக்கண் அளவு போதும்.

கல்யாண இலையில் நாரத்தங்காய்ப் பச்சடி வேறு கதை. வெல்லமும் புளியும் மிளகாயும் சேர்ந்து கசப்பை அடக்கும், ஆனால் ஒழிக்காது. கசப்பு துளிகூடத் தெரியாத பச்சடியை வைப்புக்காரர் வைத்தால், எங்கள் பக்கத்துப் பெருசுகள் சம்பந்தி வீட்டாரைத்தான் குறை சொல்வார்கள்.

வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை இல்லை

நாரத்தை, எலுமிச்சைக் கொழுந்து இலைகளை நரம்பு நீக்கி, வத்தல் மிளகாய், ஓமம், உப்போடு இடித்து உருட்டுவதுதான் வேப்பிலைக்கட்டி. மோர்ச் சோற்றுக்கு உயிர். மோரிலேயே நாரத்தை இலையைக் கசக்கிப் போடுவதும் உண்டு. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் 12 கோவில்களில் ஏழாவதாகக் கல்குளத்துக்கு, அதாவது பத்மநாபபுரத்துக்கு, வந்து சேரும்போது தொண்டைக்கு இறங்க வேண்டியது அந்த மோர்தான்.

டச்சுக்காரர் வாயில்

பம்பளிமாஸ் தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கிறது. டச்சில் 'பொம்பெல்மூஸ்'. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அவருக்கே படைத்தளபதியான டிலனாய், பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் சேவித்த டச்சுக் கம்பெனிக்காரர்களின் சொல்தான் நம் நாவில் ஒட்டியிருக்கிறது என்பார்கள். ஆரஞ்சுக்கு அவர்கள் வைத்த பெயர் இன்னும் வேடிக்கை: 'சீன ஆப்பிள்'. நெதர்லாந்து கால்பந்து அணியின் ஆரஞ்சுச் சட்டைக்கும் பழத்துக்கும் நேர் உறவு இல்லை. பிரான்சில் ஆரஞ்சு என்றொரு ஊர் உண்டு, அதன் பிரபு வம்சத்துப் பெயர் அது.

பம்பளிமாஸ் தின்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேப்ஃபுரூட் போலவே இதுவும் சில ரத்தக்கொதிப்பு, கொழுப்பு மாத்திரைகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடக்கூடும். மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெடிகா என்றால் மருந்தல்ல

சிட்ரஸ் மெடிகா என்ற பெயரில் இருப்பது மெடிசின் அல்ல, மீடியா. பழைய பாரசீகத்தின் ஒரு பகுதி. அந்தப் பழத்தை கிரேக்கர் தியோஃப்ராஸ்டஸ் 'மீடிய, பாரசீக ஆப்பிள்' என்று எழுதிவைத்தார். ஜெருசலேம் அருகே ராமத் ராஹேலில் தோண்டிய ஒரு பாரசீகக் காலத் தோட்டத்தில், சுவர்ப்பூச்சில் ஒட்டிக் காய்ந்த மாதுளங்க மகரந்தம் கிடைத்தது. ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழசு. முட்டை வெள்ளையும் சிரட்டைக்கரியும் சேர்த்து மெழுகியதாகச் சொல்லும் நம் அரண்மனைத் தரையில் என்னென்ன ஒட்டிக்கிடக்கிறதோ!

கோலாப்பூர் மகாலட்சுமி கையில் இருப்பது இந்த மாதுளங்கம். பிள்ளையார் சிற்பங்களிலும் வரும். மாதுளம்பழம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். பெயர் அப்படி இடறுகிறது.

கப்பலேறிய தவறு

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர்தான் சட்டென்று எழுந்தார்கள். ஆனால் அடுத்த நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை லெமனை விட்டு மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு, அதாவது நம் எலுமிச்சைச் சாதிக்கு, மாறியது. 1875-இல் வடதுருவம் கிளம்பிய பயணத்தில் ஸ்கர்வி திரும்பி வந்தது. 100 கிராமுக்கு லெமனில் சுமார் 53 மில்லிகிராம் வைட்டமின் சி, எலுமிச்சையில் 29. கொய்யாவில் 228! கொல்லையில் கொய்யா பழுத்து விழ விழ, நாம் எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்கிறோம்.

பறக்கும் துணுக்குகள்

சாத்துக்குடி ஜூஸ் வைத்துக் குடித்தால் கசக்கும். சாற்றின் புளிப்பில் ஒரு பொருள் மெல்ல லிமோனினாக மாறுவதே காரணம். உடனே குடித்துவிடுங்கள்.

கடையில் வாங்கும் லெமன் சால்ட்டில் எலுமிச்சை கிடையாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையை வளர்த்து எடுக்கும் சிட்ரிக் அமிலம் அது.

சுளைக்குள் முத்து முத்தாக இருப்பவை தாவரவியல் கணக்கில் உரோமங்கள். சாறு நிரம்பிய உரோமங்கள். சொல்லியிருக்க வேண்டாமோ?

எலுமிச்சைச் சாறு கையில் பட்டபடி வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துக் கறுக்கலாம். முகப்பொலிவுக்குத் தேய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் கவனிக்க.

வெப்ப நாட்டு ஆரஞ்சு பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். நிறம் மாற இரவுக் குளிர் வேண்டும். பச்சையாக இருக்கிறதே என்று சந்தையில் பேரம் பேசாதீர்கள்.

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோவில் ஒன்றில், வேலில் செருகிய ஒன்பது எலுமிச்சைகள் 2024 பங்குனி உத்திரத்தில் 2,36,000 ரூபாய்க்கு ஏலம் போயின.

கடைசியாக ஒரு வாணவேடிக்கை

எலுமிச்சைத் தோலின் புள்ளி புள்ளியான சுரப்பிகளில் இருப்பது எண்ணெய், பெரும்பகுதி லிமோனின். (மேலே சொன்ன கசப்பு லிமோனின் வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஆங்கிலத்தில் கடைசி எழுத்தில் பிழைத்துக்கொள்ளும்.) அது தீப்பிடிக்கும். துர்க்கைக்கு விளக்கேற்றப் பிழிந்து புறம் திருப்பிய மூடிகள் போக, மிச்சத் தோல் எங்கள் கைக்கு வரும். கரண்ட் போன இரவில் சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரிக்கு எதிரே தோலை இரண்டாக மடித்து ஒரு அமுக்கு. சரசரவென்று பொறி பறக்கும். வாசனையும் வரும். உள்ளேயிருந்து ஆச்சியின் குரலும் வரும்: "லேய், வெளக்கு அணைஞ்சா நீயா வந்து பொருத்துவ?"